கடைசி முடக்கில் மாறிய டிரைவர்

உங்களுக்கு வேறு வேலை இல்லையா? அடுத்த வீட்டுக் குசினியில் என்ன கருகியது என்று மோந்து பார்க்கிற மூக்கு உங்களுக்கு! ஊரே சிரித்து முடித்த மினிபஸ் கதையை இப்போது வந்து கிண்டுகிறீர்களே... வெட்கமாக இல்லை?

சரி, கேளுங்கள். அந்தப் பொய்யைச் சொன்னது என் மருமகன் அந்தோனி இல்லை. நான்தான்!

அந்தோனி முல்லைத்தீவில் மீன் ஏற்றுகிற வான் ஓடுகிறவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர். மீன் பழசு என்றால், வாங்க வந்தவனிடமே "பழசு" என்று சொல்லிவிடுவார். இப்படி ஒரு தகப்பனை வைத்துக்கொண்டு ஒரு குமருக்குக் கலியாணம் பேசுவது லேசான வேலையா? நீங்களே சொல்லுங்கள்!

குமர் என்றது என் பேத்தி ஷாலினியை. அவளுக்குக் கொக்கிளாயில் ஒரு பெடியனைப் பேசினோம். பேசினோம் என்பது ஊருக்குச் சொன்ன கதை. அவர்கள் இருவரும் எங்களுக்கு முன்னமே போனில் பேசி முடித்திருந்தார்கள்.

பெடியனின் தாய் நவமணி, கோயில் திருநாளில் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார்.

"எங்கட பக்கம் எல்லாரிட்டையும் கடலுக்குப் போகச் சொந்த வள்ளம் இருக்கு. உங்கட மருமோன் என்னம்மா செய்யிறார்?"

என் நாக்கு என்னிடம் கேட்கவே இல்லை. "மினிபஸ் ஓடுறார்" என்றது.

"அட! அப்ப சம்பந்தம் பேச வரேக்க பொம்பிளை வீட்டாக்கள் எல்லாரும் அதிலயே வாங்கோவன்!"

பிறந்ததிலிருந்து என்னோடு இருக்கிற வாய்... அன்றுதான் அதைக் கண்டு நானே பயந்தேன்.

வீட்டுக்கு வந்து அந்தோனியிடம் சொன்னேன். தலை துவட்டிக்கொண்டு நின்றவர், துவாயைத் தலையிலேயே விட்டுவிட்டார்.

"மாமி, என்ர லைசன்ஸ் டிரைவரோட சேத்து ஒன்பது சீற்று வாகனத்துக்குத்தான். மினிபஸ்ஸுக்கு வேற எடுக்கோணும். மெடிக்கல் இருக்கு, ஓடிக் காட்டோணும்..."

"அதுக்கும் ஸ்டியறிங் வட்டம்தானே தம்பி?"

"ஏத்துற ஆக்கள் கூட, மாமி."

"சண்டையில இடம்பெயரேக்க ட்ரக்டர் பெட்டியில ஊரையே ஏத்திக்கொண்டு ஓடினனீங்கள். அப்ப ஆர் லைசன்ஸ் கேட்டது?"

"அப்ப உயிர் தப்ப ஓடினது. இப்ப பலகாரத்தட்டோடயெல்லோ போறம்!"

நியாயமான பதில். அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை!

எங்கள் பக்கத்துப் பழக்கம் அப்படி. திருநாளோ செத்தவீடோ, ட்ரக்டர் பெட்டி வந்து நின்றால் ஏறுவோம். தலையை எண்ண மாட்டோம். இடம் இல்லாவிட்டால் மடியில் இருப்போம். ஓடுகிறவனிடம் எத்தனை பேருக்கு லைசன்ஸ் என்று யார் கேட்டது? ஆனால் அந்தோனி இவ்வளவு விளக்கமாகச் சொன்ன பிறகும் எனக்கு விளங்கவில்லையா? விளங்கியது... நன்றாகவே விளங்கியது.

குணம் என்கிற பெடியனிடம் மினிபஸ் வாடகைக்குப் பிடித்தோம். அவனிடம் உரிய லைசன்ஸ் இருந்தது. என் திட்டம் இதுதான்: நவமணி வீட்டுக்கு முந்தின முடக்குத் திருப்பம் வரைக்கும் குணம் ஓடுவான். அங்கே தேத்தண்ணிக் கடையில் இறங்கிவிடுவான். மிச்சத் தூரம், ஒரு குச்சொழுங்கை, சின்னச் சந்துதான், அந்தோனி ஓடிக்கொண்டுபோய் வாசலில் நிறுத்துவார்.

மாட்டேன் என்றார். நான் சேலைத் தலைப்பை எடுத்தேன். கண் காய்ந்துதான் கிடந்தது, ஆனாலும் துடைத்தேன். "ஷாலினியின்ர வாழ்க்கை தம்பி..." என்றேன். மனிதர் தலை குனிந்தார்.

போகிற நாளன்று பஸ் முழுக்கப் பெண்கள். நாயாற்றுப் பாலம் தாண்டும்போது பாட்டு வேறு! கடைசி முடக்கில் குணம் இறங்கினான்.

"எணை ஆச்சி, பஸ்ஸில ஒரு கீறல் விழுந்தாலும் உங்களை வித்துத்தான் காசெடுப்பன்."

"என்னை வித்தா உனக்குத்தான்ரா நட்டம்!"

அந்தோனி முன்பக்கத்தால் சுற்றிவந்து ஏறுவதற்குள், நான் திரும்பிப் பின்னால் இருந்த பெண்களிடம் மெல்லச் சொன்னேன்: "மருமோனுக்கு ஒருக்கா மினிபஸ் ஓடிப் பாக்க ஆசையாம், பாவம்."

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த நேரம் யாரும் ஒன்றும் கேட்கவில்லையே! எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது...

ஒழுங்கை நல்லபடி முடிந்தது. வாசலில் அழகாக நிறுத்தினார். நானும் ராசாத்தி மாதிரி இறங்கப் போனேன்.

இறங்க விட்டால்தானே! நவமணி படலையைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். "இறங்காதேங்கோ! முதல்ல மாதா கோயிலுக்குப் போய்க் கும்பிட்டிட்டு வந்து கதைப்பம். நாங்களும் ஏறுறம்!"

ஏறினார்கள். பெரியம்மாமார், சித்திமார், பிள்ளைகள், பிள்ளைகளின் மடியில் பிள்ளைகள்! கோயில் இருந்தது பெரிய ரோட்டில். குணமோ தேத்தண்ணிக் கடையில்.

"போவம் தம்பி!" என்றார் நவமணி.

அந்தோனி கண்ணாடியில் பின்னால் பார்த்தார். ஒரு சின்னது அவரைப் பார்த்துக் கை காட்டியது. அவர் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"நான் ஓடமாட்டன். இவ்வளவு பேரை ஏத்த எனக்கு லைசன்ஸ் இல்லை. ஒண்டு நடந்தா ஆர் பதில் சொல்லுறது?"

ஷாலினியின் முகத்தில் இரத்தம் இல்லை.

நவமணியின் குரல் மாறிவிட்டது. "மினிபஸ் ஓடுறார் எண்டு உங்கட மாமிதானே சொன்னவா?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. சொல்லியிருக்கலாம்... ஒரே ஒரு வசனம்! ஆனால் என் வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

"மருமோன் எனக்குச் சொன்னதைத்தான் நான் உங்களுக்குச் சொன்னனான் பிள்ளை."

அந்தோனி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு பழைய மீனைப் பார்க்கிற மாதிரித்தான் பார்த்தார்! பிறகு நவமணியிடம் திரும்பினார்.

"ஓம். நான்தான் மாமியிட்ட அப்பிடிச் சொன்னனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பிள்ளையில பிழை இல்லை."

பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்றேனே... நான் பழக்கிவிட்டேன்!

நல்லகாலம், பெடியனின் தகப்பன் பெரிதாகச் சிரித்துவிட்டார். "ஏத்திக்கொண்டுபோய்க் கவிழ்க்காம இறங்கிச் சொன்னாரே, அது காணும்!" யாரோ மோட்டார் சைக்கிளில் ஓடிப்போய்க் குணத்தை ஏற்றி வந்தார்கள், கையில் கடித்த வடையோடு. கோயிலுக்குப் போனோம், சம்பந்தமும் சரிவந்தது. வெளிக்கிடும்போது நவமணி மட்டும் ஒரு சொல் எறிந்தார்: "கலியாணத்துக்கு வரேக்க டிரைவரையும் கொண்டு வாங்கோ!" எல்லோரும் சிரித்தார்கள். அந்தோனியும் கொஞ்சம் சிரித்தார்.

திரும்பி வரும்போது ஷாலினி மெல்லக் கேட்டாள். "ஏனப்பா இப்பிடிப் பொய் சொன்னனீங்கள்? அவையளுக்கு முன்னால என்ர மானம் போச்சு."

"பிழைதான் பிள்ளை" என்றார். அவ்வளவுதான்.

நான் அடுத்த சீற்றில் இருந்து முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. வாயில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

இப்போது ஷாலினி நன்றாக இருக்கிறாள். தகப்பனோடு முன்போலக் கதைக்கிறாள், ஆனாலும் அவர் எதைச் சொன்னாலும் "உண்மையே அப்பா?" என்று ஒருமுறை கேட்கிறாள். பகிடிக்குத்தான் கேட்கிறாள். பகிடி அவருக்கு மட்டும் வலிக்கிறது. அவர் என்னிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நல்ல ஓரா மீன் கிடைத்தால் இன்றைக்கும் எனக்கென்று எடுத்து வருகிறார். அவளிடம் உண்மையைச் சொன்னால் என்ன? சொல்லத்தான் நினைக்கிறேன்... மீன் குழம்பு கொதிக்கிற வரைக்கும் நினைக்கிறேன். பிறகு சாப்பிடுகிறேன்!

அன்றைக்கு நாங்கள் வந்து சேர முன்னமே கதை ஊருக்கு வந்துவிட்டது. அடுத்த நாள் விடிய, பக்கத்து வீட்டுத் திரேசாவும் அவளுடைய தமக்கையும் வேலியடிக்கு வந்தார்கள். அந்தோனி முற்றத்தில் வான் கழுவிக்கொண்டு நின்றார்.

"என்னணை, உங்கட மருமோன் மினிபஸ் ஓடிப் பிடிபட்டாராமே?"

நான் தலையில் கையை வைத்தேன்.

"அதையேன் பிள்ளை கேக்கிறாய்! எவ்வளவு மறிச்சனான் தெரியுமே? ஆம்பிளையளுக்கு வயது போகப் போகத்தான் ஆசை. ஆர் என்ர சொல்லைக் கேட்டது?"

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அவர்களைவிடப் பலமாக. அந்தோனி நிமிரவில்லை. கழுவின வான் சில்லையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தார்.