நோன்பு மாதத்து வாய்தா

முதலாளிகளுக்காக வழக்காடுகிறவன் நான். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் கம்பெனிகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் வேலூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் ஆஜராவதுதான் பிழைப்பு. நல்ல பேர் எடுக்கலாம் என்று இந்த வேலைக்கு வந்தவனில்லை. ஆனால் தொழிலில் அசட்டை என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. அப்படிப்பட்டவன் ஒரு வாய்தாவில் கோட்டை விட்டேன்.

கட்சிக்காரரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் அவருடையது. பெரிய கம்பெனி ஒன்று வெட்டிய தோலை அனுப்பும். இவரிடம் வேலை செய்யும் பெண்கள் தைத்துத் தருவார்கள். அதில் ஒருத்தி, சூப்பர்வைசரை எல்லார் எதிரிலும் கன்னத்தில் அறைந்துவிட்டாள். உள்விசாரணை வைத்து அவளை வேலையிலிருந்து நீக்கும்படி நான்தான் பாய்க்கு யோசனை சொன்னேன். அவன் அசிங்கமாகப் பேசினான், அதனால்தான் அடித்தேன் என்று அவள் வழக்குப் போட்டாள். திரும்ப அந்தத் தையல் மிஷின் முன்னால் உட்கார வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். புருஷன் இல்லாதவள், மகள் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாள்.

பாய்க்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு வரி: அவன் என்ன பேசினான் என்று எனக்குத் தெரியாது. அதைக் கூண்டில் சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது. ஆனால் வாய்தா தள்ளித் தள்ளிப் போய் ரம்ஜான் மாதத்தில் விழுந்தது. எனக்கு முன்னால் இங்கே முதலாளிகளுக்காக வாதாடியவர்கள், அந்த மாதத்தில் பாய்மார்களைக் கூண்டில் ஏற்றவே மாட்டார்கள். காய்ச்சல், கல்யாணம், எதையாவது சொல்லி வாய்தா வாங்கிவிடுவார்கள். எனக்கும் அது தெரியும். இதையும் முடித்துத் தொலைப்போம் என்று அவசரத்தில் சரி சொல்லிவிட்டேன்.

அவள் தரப்பு வக்கீல் பெரிதாக ஒன்றும் மடக்கவில்லை. சூப்பர்வைசர் பேசியது உங்களுக்குத் தெரியுமா என்று சாதாரணமாகத்தான் கேட்டார். பாய் என்னைப் பார்த்தார். உதடு காய்ந்து போயிருந்தது.

“கேட்டேங்க. பக்கத்து ரூம்லதான் இருந்தேன். பொம்பளைங்ககிட்ட பேசற பேச்சா அது.”

எழுந்து ஏதோ ஆட்சேபம் சொன்னேன், எடுபடவில்லை. திரும்பி வரும்போது காரில் ஆத்திரம் தாங்காமல் கத்தினேன். பள்ளிகொண்டா தாண்டியதும், நோன்பு வைத்துக்கொண்டு பொய் சொல்ல நாக்கு வரவில்லை என்றார். மற்ற மாதங்களில் வருமா என்று கேட்டேன். மனுஷன் ரொம்ப யோசித்துவிட்டு, வரும் என்றார்.

அவளைத் திரும்ப வேலைக்கு எடுக்கும்படி உத்தரவு வந்தது. ஹைகோர்ட்டுக்குப் போகலாம் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். தோற்றுப்போனதில் அவருக்கு உள்ளூர சந்தோஷம் என்று எனக்குப் பட்டது. அவளும் மிஷினுக்கு வந்துவிட்டாள். அதற்குள் உத்தரவு விஷயம் பெரிய கம்பெனியின் காதுக்குப் போனது. பெண்களை அசிங்கமாகப் பேசும் இடத்தில் தைத்ததா என்று ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரன் கேட்டால் பதில் சொல்ல முடியாதாம். தோல் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கம்பெனி சூப்பர்வைசர்கள் என்ன பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கும் நான்தான் வக்கீல்.

ரெண்டு மாதம் தாக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு பாய் யூனிட்டை மூடினார். கூடத் தைத்த பெண்கள் எல்லாரும் அவளைத்தான் ஏசினார்கள். சூப்பர்வைசருக்கு ராணிப்பேட்டையில் வேறு வேலை கிடைத்துவிட்டது. பாய் பொய் சொல்லியிருந்தால் இத்தனை பேர் வேலை தப்பியிருக்கும்.

போன மாதம் அவள் என் ஆபீசுக்கு வந்தாள். எதிர்த்தரப்பு வக்கீலைத் தேடி யாரும் வருவதில்லை, நானே கொஞ்சம் தடுமாறிப்போனேன். போன கம்பெனியிலெல்லாம், கோர்ட்டுக்குப் போன பொம்பளை என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்களாம். மகள் படிப்பு பாதியில் நிற்கிறதாம்.

“கம்பெனிக்காரங்க உங்க பேச்சத்தான் கேப்பாங்க சார். நல்லாத் தைக்கும்னு ஒரு வார்த்த சொல்லுங்க.”

பேர்ணாம்பட்டில் என் பழைய கட்சிக்காரர் ஒருவர் தையலுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். அவள் எதிரிலேயே அவருக்குப் போன் போட்டேன். தையல் சுத்தமாக இருக்கும், லீவு போடாத ஆள் என்றெல்லாம் அடுக்கினேன். அவளுக்கு வேலை கிடைத்துவிட வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டேன். யார் அது என்று கேட்டார். சொன்னேன். அந்தக் கோர்ட் கேஸ் பொம்பளையா என்றார்.

“நீங்க எனக்கு வக்கீல், அதனால கேக்கறேன். இந்தம்மாவ நான் எடுக்கலாமா?”

அங்கேயும் ஒரு சூப்பர்வைசர் வாயைத் திறப்பான், இவள் கையை ஓங்குவாள். என் பிழைப்பில் கட்சிக்காரரிடம் மட்டும் நான் பொய் சொன்னதில்லை.

“வேணாம்” என்றேன்.

போனை வைத்தபோது அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்திருந்தாள். எப்போதும் எல்லாரும் சொல்வது போலத்தான் சொன்னாள்.

“வர்றேன் சார்.”