கரணையில் ஒட்டிய களிமண்

அக்காவின் கரணை என் மேசையில் இருக்கிறது. கொத்தனார் கரணையைவிடச் சிறியது. நுனி தேய்ந்து மழுங்கிவிட்டது. பிடியோரம் கறுத்த களிமண் காய்ந்து ஒட்டியிருக்கிறது. அது வட இங்கிலாந்து மண். அங்கே குன்றின்மேல் இருந்த ரோமானிய எல்லைக் கோட்டை ஒன்றின் அகழாய்வில் அக்கா பல கோடைகள் வேலை செய்தாள்.

அந்தக் கோட்டையில் எதையும் தேடி அலைய வேண்டியதில்லை என்பாள். ரோமானியர்கள் போன இடமெல்லாம் ஏறக்குறைய ஒரே அமைப்பில்தான் கட்டினார்கள்: மூலைகள் வளைந்த செவ்வகம், நான்கு வாசல், தெருக்கள் கூடும் நடுவில் தலைமையகம், பக்கத்தில் ஈரம் ஏறாதபடி தரையைத் தூக்கிக் கட்டிய தானியக் களஞ்சியம், வரிசையாகப் படைவீரர் குடியிருப்பு. ஒரு வாசல் கிடைத்தால் மற்றவற்றைக் கணக்குப் போட்டுத் தோண்டலாம். கடைசிக் கோடையில் அப்படித் தோண்டிய குடியிருப்பு அறை ஒன்றின் தரைக்கடியில் பச்சைக் குழந்தையின் எலும்புகள் கிடைத்தன. அன்று போனில் அக்கா சொன்னது ஒன்றுதான்: "அதப் பெத்த பொம்பளைக்கு எடம் தெரிஞ்சிருக்குடா. அது மேலயே நடந்திருக்கா, சமைச்சிருக்கா."

அடுத்த மாதம் தஞ்சாவூருக்கு வந்துவிட்டாள். பல வருஷங்களுக்கு முன் அவளுடைய முதல் குழந்தை பிறந்த சில நாளில் இறந்திருந்தது. குழந்தையை எரிப்பது எங்கள் வழக்கமில்லை. கொள்ளிடக் கரையில் புதைத்தார்கள். பெண்கள் கூடப் போகவில்லை. பெற்றவளுக்கு இடத்தைச் சொல்லக் கூடாது என்பதால் வீட்டில் யாரும் அவளிடம் சொல்லவுமில்லை. தூக்கிக்கொண்டு போன இருவரில் அப்பா இறந்துவிட்டார். மிச்சம் சித்தப்பா.

"வாம்மா. வெள்ளக்காரன் மண்ணெல்லாம் தோண்டி முடிச்சாச்சா?" என்றார்.

"எம்புள்ளைய எங்க வெச்சீங்க சித்தப்பா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "இத்தன வருஷம் கழிச்சு அது எதுக்கும்மா?" என்றார்.

"தோண்டப் போறதில்ல. ஒரு கல்லு நடணும். அவ்வளவுதான்."

மறுநாள் காலை மூவரும் போனோம். கரணை அக்காவின் பையில் இருந்தது. சித்தப்பா கரையோரப் பனையிலிருந்து ஆற்றைப் பார்த்து நேராக நடந்து, நின்றார். முன்னால் மணல் அள்ளிய பள்ளம். பாசி பிடித்த தண்ணீர், லாரி இறங்கிய தடம். அந்தப் பள்ளத்தைப் பற்றி நான் பத்திரிகையில் செய்தி எழுதியிருக்கிறேன். நிலத்தடி நீர் இறங்கியதைத்தான் எழுதினேன்.

"இந்த நேருக்குத்தாம்மா" என்று தண்ணீரைக் காட்டினார்.

"எவ்வளவு ஆழம் வெச்சீங்க?"

"இடுப்பளவு."

அக்கா பள்ளத்தின் வெட்டுமுகத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். இரண்டு ஆள் ஆழம் இருந்தது.

"மணல் எங்க போச்சு?"

"எங்கன்னு சொல்றது? எல்லாம் வீடு கட்டத்தான்."

அதற்குப் பிறகு அக்கா எந்த அகழாய்வுக்கும் போகவில்லை. ஊரிலிருந்து புறப்பட்ட அன்று கரணையை என்னிடம் கொடுத்துவிட்டாள். நான் அதைக் கழுவவில்லை. ஒட்டியிருப்பதெல்லாம் அந்தக் கோட்டையின் களிமண். கொள்ளிட மணல் ஒரு துகள்கூட அதில் இல்லை.