செம்புக் குடத்துத் தண்ணீர்

என் அண்ணன் செத்ததற்கு ஒரு மோட்டார் சைக்கிளின் டைனமோதான் காரணம் என்று எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் சொல்லுவார்கள். அந்த டைனமோவைப் பழுது பார்த்தவன் நான். அதனால் பழியும் என் தலையில்தான்.

யுத்த காலம். அண்ணனுக்குக் காசநோய். மலைக்காற்று நல்லது என்று டாக்டர் சொன்னதால் அவனும் மதினியும் குற்றாலத்தில் ஒரு வீடு பிடித்து இருந்தார்கள். நான் தென்காசியில் குமாஸ்தா. ஆபீஸ் விட்டதும் குற்றாலம் போய்விடுவேன், காலையில் திரும்புவேன். அவனுக்குத் திடீரென்று ஏதாவது ஆனால் மூன்று மைல் போய் டாக்டரைக் கூட்டி வர வேண்டும். அதற்காகவே, ஊரை விட்டுப் போன ஓர் எஸ்டேட் துரையிடமிருந்து அந்தப் பழைய வண்டியை வாங்கினேன்.

பேட்டரியில் கரண்ட் இருந்தால்தான் அந்த இன்ஜினில் பொறி விழும். வண்டி ஓடும்போது டைனமோ பேட்டரியை நிரப்ப வேண்டும். ஆனால் காலையில் பார்த்தால் பேட்டரி முக்கால்வாசி காலி. டைனமோதான் சோம்பல் படுகிறது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். முடிவு கட்டினால் மாற்றிக்கொள்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைக் கழற்றினேன். உள்ளே சுழலும் செம்பு உருளையை உப்புத்தாளால் தேய்த்தேன். அதன்மேல் உரசுகிற கார்பன் தேய்ந்திருந்தது. புதிது எங்கும் கிடைக்கவில்லை. டார்ச் லைட் செல்லை உடைத்து, அதிலிருந்த கரிக்குச்சியை அளவாக அறுத்து வைத்தேன். மீட்டரில் முள் சார்ஜ் பக்கம் சாய்ந்தது. மறுநாள் காலையில் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்ற வேண்டும். அதுவும் அப்போது கிடைக்காத சாமான். எங்கள் வீட்டில்தான் அருவித் தண்ணீர் இருந்ததே. மதினி விடியலில் அருவிக்குப் போய் செம்புக் குடத்தில் பிடித்து வருவாள். ஒரு பகலும் ஓர் இரவும் அதிலேயே ஊறிய தண்ணீரைத்தான் அண்ணன் குடிப்பான். அதுதான் மருந்து என்று இருவருக்கும் அசையாத நம்பிக்கை.

“ஏலே, ஆயிரம் மூலிகையில பட்டு வருத தண்ணி. மனுசனுக்கே உசுரு குடுக்கு, இந்தப் பெட்டிக்கு ஆகாதா?” என்றான் அண்ணன்.

அதிலிருந்து பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவன் வேலை. ஒரு வருஷமாக அவனை யாரும் எந்த வேலையும் செய்ய விட்டதில்லை. நடுங்குகிற கையோடு ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றிவிட்டு என்னைப் பார்ப்பான். அந்தப் பார்வைக்காகவே நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆடி மாதம், சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலை. அண்ணன் இருமினான், ரத்தம் வந்தது. நிற்கவில்லை. மதினி அவன் வாய்க்குக் கீழே சட்டியைப் பிடித்துக்கொண்டு, “ஓடுங்க தம்பி” என்றாள்.

“இந்தா வந்திருதேன் மதினி” என்று வண்டியைச் சரிவில் தள்ளிக் கிளப்பினேன்.

மேலகரம் பக்கம் ஓர் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. வேகத்தைக் குறைத்தேன். இன்ஜின் நின்றுவிட்டது. தள்ளிப் பார்த்தேன், உதைத்துப் பார்த்தேன், அசையவில்லை. அங்கிருந்து டாக்டர் வீட்டுக்கு ஒன்றரை மைல். ஓடியிருந்தால் இருபது நிமிஷம். நான் ஸ்பானரை எடுத்தேன்.

தேங்காய் ஏற்றிக்கொண்டு ஒரு மாட்டுவண்டி வந்தது. “ஏறுங்க அண்ணாச்சி, தென்காசிக்குத்தான்” என்றான் வண்டிக்காரன்.

“அஞ்சு நிமிசத்துல சரி பண்ணிருவேன். நீ போ” என்று எரிந்து விழுந்தேன்.

போய்விட்டான். டைனமோவைக் கழற்றினேன், கரியைச் சீவினேன், மாட்டினேன், மறுபடி கழற்றினேன். முக்கால் மணி நேரம் போனது. அப்புறம்தான் ஓடினேன். டாக்டரைக் குதிரைவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மதினி அண்ணனின் முகத்தைத் துடைத்து முடித்திருந்தாள். “கொஞ்சம் முந்தி வந்திருந்தா ஊசி போட்டுப் பாத்திருக்கலாம்” என்றார் டாக்டர். அவள் முன்னாலேயே சொன்னார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின், வண்டியைத் தென்காசி பஸ் ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கிருந்த மெக்கானிக் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“டைனமோ நல்லாத்தான் இருக்கு. நீங்க வச்ச கரியும் தோதாத்தான் இருக்கு. பேட்டரிதான் செத்துப்போச்சு. என்ன தண்ணி ஊத்துனிய?”

சொன்னேன்.

“செம்புக் குடத்துல ஊறுன தண்ணியா? செம்பு உள்ள இறங்கிட்டுன்னா பேட்டரி சும்மா நின்னாலே வடிஞ்சு போகும்லா. எவன் ஊத்துனான்?”

நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டில் மதினி அதே குடத்தைப் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். “வண்டிக்கு என்ன கோளாறுன்னு தெரிஞ்சுதா?” என்று கேட்டாள்.

“டைனமோதான் மதினி. நான் வச்ச கரி சரியில்ல.”

அவள் கை நின்றது. “தெரியாத வேலைய எதுக்குத் தொட்டிய?” என்றாள்.

உண்மையைப் போட்டு உடைத்துவிடலாம் என்று ஆத்திரம் வந்த நாட்கள் பிறகு எத்தனையோ உண்டு. ஆனால் தேங்காய் வண்டிக்காரனைப் போகச் சொன்னது அந்தத் தண்ணீர் இல்லையே, நான்தானே. மதினி அதற்கப்புறம் வெகுகாலம் இருந்தாள். சாகும்வரை என் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.