வெண்பட்டில் ஏறாத சிவப்பு

நான் கண்ணால் கண்டவற்றையும், தாளாக என் கையில் இருப்பவற்றையும், உரியவரிடம் படித்துக்காட்டி அவர் ஒப்பியவற்றையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். பேச்சுகளை அன்றே குறித்துவைத்திருந்தேன். பெயர்களை விட்டுவிட்டேன். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. உறுதி செய்யாத ஒரு வரியை எழுதி, அடுத்த வீட்டாரின் தொழிலையே மூடும் நிலைக்குக் கொண்டுசென்றவள் நான்.

காஞ்சிபுரத்தில், திருப்பருத்திக்குன்றம் போகும் வழியில் எங்கள் தெரு. என் மதிலுக்கு அப்பால் ஒரு சாயப்பட்டறை. அதன் உரிமையாளர் நெசவாளர்களுக்குப் பட்டுநூலில் சாயமேற்றித் தருபவர். அவரும் மனைவியும் தம்பியும் அங்கே உழைப்பவர்கள். வேறு வருவாய் அவர்களுக்கு இல்லை. ஒரு மழைக்காலம் முடிந்தபோது என் கிணற்று நீர் மட்டும் செந்நிறமாயிற்று; தெருவின் மற்றக் கிணறுகள் தெளிந்திருந்தன. கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு முறையீடு எழுதுவது எளிது. நாட்டின் நீரையும் காற்றையும் கண்காணிக்கும் நடுவண் அமைப்புக்கு எழுதினேன். ‘அடுத்துள்ள சாயப்பட்டறையின் கழிவே இதற்குக் காரணம்’ என்பது அதில் ஒரு வரி.

திருமுக்கூடலில் ஆற்றுநீர் எடுக்க வந்திருந்த அவ்வமைப்பின் அறிவியலர் ஒருவர், பணி முடிந்ததும் முற்பகலில் எங்கள் தெருவுக்கு வந்தார். நடுவயதுப் பெண், பேச்சில் மதுரைப் பக்கத்துச் சாயல். சாயக்காரரையும் என் கொல்லைக்கு வரச்சொல்லி, எங்கள் இருவர் முன்னிலையில் முறையீட்டை உரக்கப் படித்தார். அந்த வரியில் நின்றார்.

“இதை நீங்க பாத்தீங்களா, டீச்சர்?”

“பார்க்கவில்லை. பக்கத்தில் பட்டறை இருக்கிறது. தண்ணீர் சிவந்திருக்கிறது.”

“ரெண்டும் சரி. அதனாலதான் இதுன்னு யார் சொன்னது?”

சாயக்காரர் சிரித்தபடி சொன்னார்: “இன்னா டீச்சரம்மா, இத்தினி வருசமா பக்கத்துலயே இருந்துக்கினு, சுவத்துக்கு மேல ஒரு குரல் குடுக்கக்கூடாதா? நேரா டில்லிக்கா எழுதுவீங்க?”

மதிலுக்கு அப்பாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: “கறிவேப்பிலை கேக்க மட்டும் சுவரு தெரியுது!”

கழிவுநீர் வரம்பை மீறியிருந்து, கிணற்றையும் அதுவே கெடுத்தது என்று ஆய்வில் உறுதியானால், பட்டறையை மூடும் ஆணை வரக்கூடும் என்று அறிவியலர் தெரிவித்தார். சாயக்காரர் அதன்பின் சிரிக்கவில்லை.

அறிவியலர் கிணற்றுக்குள் எஃகுக் கலமொன்றை இறக்கி, முதலில் வந்த நீரைக் கொட்டிவிட்டார். புட்டிகளை அதே கிணற்று நீரால் மும்முறை அலசினார். ஒரு புட்டியை மட்டும் அலசாமல் தனியே வைத்திருந்தார். அதன் அடியில் சில துளி ஈரம். விருந்தினரின் கலத்தில் அழுக்கு இருக்கலாகாதென்று எண்ணி, அதை எடுத்துக் குழாய் நீரில் நன்றாகக் கழுவிக் கவிழ்த்தேன். அந்த ஈரம் உலோகங்களை நீரில் கரைந்தபடியே காக்கும் அமிலம் என்று பிறகு சொன்னார். கடிந்துகொள்ளவில்லை. ‘ஒரு புட்டி கெட்டது; மாற்றப்பட்டது’ என்று பதிவேட்டில் எழுதி வேறொன்றை எடுத்தார்.

“கேஸு குடுத்தவங்களே சாட்சியக் கழுவி ஊத்திட்டாங்க” என்றார் சாயக்காரர்.

அடுத்துப் பட்டறைக்குச் சென்றோம். அங்கே அன்று அரக்கு நிறச் சாயம் கொதித்துக்கொண்டிருந்தது. கழிவு வெளியேறும் இடத்தில் எடுத்த நீரை அறிவியலர் இரண்டு புட்டிகளாகப் பிரித்தார். இரண்டின் மூடிகளிலும் முத்திரையிட்டு, தாமும் ஒப்பமிட்டு, சாயக்காரரிடமும் ஒப்பம் பெற்றார்.

“ரெண்டாவது எதுக்கும்மா?”

“எங்க ஆய்வகம் சொல்றதுல உங்களுக்குச் சந்தேகம் வரலாம்ல? நீங்க கேட்டா இது வேற ஆய்வகத்துக்குப் போகும். சட்டமே அப்படித்தான்.”

அந்தப் புட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். குற்றம் சுமத்தப்பட்டவர் ஐயுறுவதற்கென்று இந்நாட்டின் சட்டம் ஒரு புட்டி நீரை ஒதுக்கி வைத்திருக்கிறது. என் முறையீட்டில் அவருக்கு நான் ஓர் எழுத்தும் ஒதுக்கியிருக்கவில்லை.

சாயக்காரர் அந்தப் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “எனக்குத் தெரிஞ்ச டெஸ்ட்டு ஒண்ணு கீது. செய்யட்டுமா?” என்றார்.

பசை நீக்கிய வெண்பட்டு நூலில் கைப்பிடியளவாகக் கட்டிய இரண்டு முடிகள் எடுத்தார். இரண்டு பாத்திரங்களில் என் கிணற்று நீரை ஊற்றி, இரண்டிலும் சில துளி அமிலம் விட்டார். ஒன்றில் மட்டும் தம் கழிவுநீரில் ஒரு கரண்டி சேர்த்தார். அடுப்பிலேற்றி, கோலால் முடிகளைப் புரட்டிக்கொண்டே இருந்தார். சாயம் துளியளவு இருந்தாலும் பட்டு அதைப் பிடித்துக்கொள்ளும், பிறகு தண்ணீரில் அலசினால் போகாது என்றார்.

வெளியே எடுத்து நல்ல நீரில் அலசினார். கழிவு கலந்த பாத்திரத்து முடி ரோஜா நிறம். வெறும் கிணற்று நீரில் கொதித்தது, அழுக்கேறிய வெள்ளை. பழுப்பென்று சொல்லலாம், சிவப்பென்று சொல்ல முடியாது. வெயிலில் இரண்டையும் அருகருகே பிடித்தார். ஒரு கரண்டிக் கழிவையே காட்டிக்கொடுத்த பட்டு, என் கிணற்று நீரில் சாயம் எதையும் காட்டவில்லை.

அறிவியலர் முடிகளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். “உணவுல கலர் கலந்திருக்கான்னு பாக்க, வெள்ளைக் கம்பளி நூலை வச்சு இதே மாதிரி நாங்க செஞ்சு படிச்சிருக்கோம். உங்களுக்கு யார் சொல்லிக்குடுத்தா?”

“யாரும் இல்லம்மா. அண்டா சரியா கழுவலன்னா அடுத்த முடி காட்டிக் குடுத்துடும். அதான்.”

“ஆனா இதை நான் அறிக்கைல எழுத முடியாது, அண்ணே.”

“கண்ணால பாத்தீங்களே!”

“நான் பாத்தது எனக்குப் போதும். என்னை நம்பாதவங்களுக்கும் போதணும்ல?”

கையிலிருந்த தீர்ப்பை அவர் அப்படியே கீழே வைத்துவிட்டுப் புட்டிகளை வண்டியில் ஏற்றினார். வாழ்நாளெல்லாம் சொற்களை எடைபோட்டவள் என்று என்னை எண்ணியிருந்தேன். அத்தகைய எடைபோடலை நான் அதற்குமுன் கண்டதில்லை.

அறிக்கை வரச் சில வாரங்கள் ஆயின. அதுவரை சாயக்காரர் புதிய நூல் எதையும் ஏற்கவில்லை. அறிக்கையின் நகலொன்று எனக்கும் வந்தது. கிணற்று நீரில் செயற்கைச் சாயம் ‘கருவிகளின் எல்லைக்குள் கண்டறியப்படவில்லை’. இரும்பு வரம்புக்கு மேல்; நீரைச் செந்நிறமாக்கக்கூடிய அளவு. பட்டறைக் கழிவில் நிறமும் உப்பும் வரம்புக்கு மேல். குறித்த காலத்துக்குள் சுத்திகரிப்புக்கு வழிசெய்ய வேண்டும். மூடும் ஆணை இல்லை. இரண்டாம் புட்டியை அனுப்பும்படி சாயக்காரர் கேட்கவில்லை. சுத்திகரிப்புத் தொட்டி இப்போது கட்டி முடிந்திருக்கிறது. சுண்ணாம்பு பூசும்போது நேரில் பார்த்தேன்.

அறிக்கை வந்த அன்றே மதிலைச் சுற்றி வாசல் வழியாகச் சென்று மன்னிப்புக் கேட்டேன். சாயக்காரர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். அவர் மனைவிதான் பேசினார்: “இனிமே எங்களப் பத்தி இன்னா எழுதினாலும், மொதல்ல எங்களுக்குப் படிச்சிக் காட்டுங்க.” இதையும் படித்துக்காட்டினேன். ரோஜா நிறம் என்று நான் எழுதியதை மட்டும் சாயக்காரர் ஒப்பவில்லை. வெங்காயத்தோல் நிறம் என்கிறார். இரண்டையும் பதிவுசெய்கிறேன்.

கிணற்றில் இரும்பு எங்கிருந்து வந்தது, அந்த மழைக்குப் பின் மட்டும் ஏன் வந்தது, தெருவின் மற்றக் கிணறுகள் ஏன் தெளிந்திருந்தன என்பவை தெரியவில்லை. கருவிகளின் எல்லைக்குக் கீழே சாயம் ஏதும் இருந்ததா என்பதும் தெரியவில்லை.