ஆறு தலையும் ஒரு பெட்டியும்

என் கல்யாண போட்டோவில் எனக்கு மீசை இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இது யாரு, தம்பியா?" என்று கேட்கிறார்கள். இருபது வருஷத்துக்கு மேலாக இந்த வயிற்றெரிச்சலோடுதான் தூங்கி எழுகிறேன்.

செய்தது பக்கத்துக் கடை சலூன்காரர். கல்யாணத்துக்கு முதல் நாள், மீசையைக் கொஞ்சம் ஒதுக்கிவிடச் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தேன். அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே ஒதுக்கினார். ஒரு பக்கம் கூடுதலாகப் போய்விட்டது. அதைச் சரிக்கட்ட மறுபக்கம். மறுபக்கத்தைச் சரிக்கட்ட மறுபடி இந்தப் பக்கம். அவர் அரசாங்கத்தைக் கவிழ்த்து முடித்தபோது என் மூக்குக்குக் கீழே வெறும் தோல்தான் மிச்சம். உன் மூஞ்சியே பிறப்பிலேயே கோணல், நான் என்ன பண்ணட்டும் என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் அன்றைக்கும் வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை.

அப்படிப்பட்ட மனுஷனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவர் பையனை அடக்கம் செய்த நாளைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்லித் திரிகிறார்கள். பாதிப்பேர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. நான் கூடவே நின்றவன்.

அவர் சலூனும் என் டூவீலர் ஒர்க்‌ஷாப்பும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டவை. சுவர் என்பது பேருக்குத்தான். அவர் அங்கே ஒருத்தனைத் திட்டினால் இங்கே என்னிடம் வண்டி விட வந்தவன் திரும்பிப் பார்ப்பான். கடையில் இரண்டு நாற்காலி. அதில் ஒன்று பின்னால் சாய்ந்தால் நிமிராது, ஆகவே அது ஷேவிங்குக்கு. ரசம் போன ஒரு கண்ணாடி. வெட்டின முடியை என் வாசலுக்கு அனுப்புவதற்கென்றே சுற்றுகிற ஒரு ஃபேன். என்னை 'கிரீஸு' என்று கூப்பிடுவார். நான் 'அண்ணே' என்பேன்.

ஆட்களை அவர் மூஞ்சியை வைத்து அடையாளம் கண்டதே இல்லை. ரெட்டைச்சுழி, பள்ளப்பிடரி, பொடுகு வாத்தியார், இப்படித்தான் கணக்கு. எதிரே வந்து சிரிக்கிறவனைப் பார்த்து முழிப்பார். அவன் தாண்டிப் போனபிறகு பின்மண்டையைப் பார்த்துவிட்டு, அட நீயா என்று கூப்பிடுவார்.

ஒரு பெண், ஒரு பையன். பெண்ணை வெளியூரில் கட்டிக்கொடுத்துவிட்டார். பையன் இடக்கைக்காரன். சலூன் கத்திரியோ வலக்கைக்கென்று செய்தது. இடக்கையில் பிடித்தால் முடியை வெட்டாது, மடக்கும். தலை படிக்கட்டு மாதிரி ஆகிவிடும், இடது காதுக்கு மேலே தாறுமாறாக ஏறிவிடும். கையை மாற்று என்று இவர் சீப்பால் அவன் விரல் கணுவிலேயே போடுவார். மாற்றமாட்டேன் என்று அவன் நிற்பான். ஒருநாள் நாற்காலியில் ஆள் பாதித் தலையோடு உட்கார்ந்திருக்கும்போதே கத்திரியை மேஜையில் வைத்தான், இனிமேல் இதைத் தொட்டால் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். பட்டாளத்தில் சேர்ந்துவிட்டுத்தான் வீடு திரும்பினான். துப்பாக்கியையாவது எந்தக் கையில் பிடிக்க விட்டார்களோ, அதை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

லீவில் வருவான். வாசலில் பையை இறக்குவதற்குள் இவர் அவன் தொப்பியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "எந்தக் கழுதைடா மேஞ்சது இத?" என்பார். "எங்க முகாம்ல ஒரு கழுதை இருக்குப்பா" என்று அவன் சிரித்துக்கொண்டே போய் நாற்காலியில் உட்காருவான். இவர் திட்டத் திட்டச் சரிசெய்வார். அப்பனும் மகனும் பேசிக்கொண்டது அந்த நாற்காலியில் மட்டும்தான். அதிலும் பேசியது ஒருத்தர்தான்.

போன மழைக்காலத்தில், மண் சரிந்து மூடிய மலைப்பாதையைத் திறக்கப் போன பட்டாளத்து லாரி பள்ளத்தில் உருண்டது. பையன் போய்விட்டான்.

செய்தி வந்ததும் ஊர் பரபரத்துவிட்டது. அவனை நாலு தெரு தள்ளி இறக்கிவிடக்கூட வண்டியை நிறுத்தாதவனெல்லாம் "எங்க வீட்டுப் பிள்ளை" என்று ஆரம்பித்தான். கவுன்சிலர் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பேனர் அடித்துவிட்டார். பையனின் மூஞ்சியை எவனோ பயில்வான் உடம்பில் ஒட்டி, கைக்கு ஒன்றாக இரண்டு துப்பாக்கி கொடுத்து, பின்னால் ஒரு சிங்கத்தைப் பாயவிட்டிருந்தார்கள். போட்டோவில் தொப்பி இருந்த இடத்தில் சுருட்டை முடி முளைத்திருந்தது. சலூன்காரர் துப்பாக்கியையும் கண்டுகொள்ளவில்லை, சிங்கத்தையும் கண்டுகொள்ளவில்லை. "இது யாரு மயிரு?" என்று மட்டும் கேட்டார். பேனர் இறங்கியது.

அப்புறம் என் கடைக்கு வந்தார். இரண்டு நாளாக அழவில்லை, சாப்பிடவுமில்லை.

"கிரீஸு, நல்ல ஸ்க்ரூடிரைவரா ஒண்ணு எடுத்து வை. பெட்டிய மூடித்தான் கொண்டு வராங்களாம். அவன் தலைய ஒழுங்கு பண்ணாம நான் மண்ணுல வைக்க விடமாட்டேன்."

லாரி எத்தனை அடி உருண்டிருக்கும், பெட்டியை ஏன் மூடுகிறார்கள் என்பதை எப்படிச் சொல்வது? சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கிறாயா என்றார். ஸ்க்ரூடிரைவரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

பள்ளிக்கூட ஹாலில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் கொடி போர்த்திய பெட்டியை வைத்தார்கள். கூட வந்தவர்கள் ஆறு சிப்பாய்கள், சின்ன வயசு அதிகாரி ஒருவர். மாலையோடு வரிசை வாசல் தாண்டி நின்றது. சலூன்காரர் வரிசையில் நிற்கவில்லை. கத்திரி, சீப்பு, வெள்ளைத் துணி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு நேராகத் தலைமாட்டுக்குப் போனார். திறவுங்கள் என்றார்.

அதிகாரி நல்ல பிள்ளை. அதட்டவில்லை. திறக்கக் கூடாது என்று உத்தரவு, திறக்கிற நிலையிலும் இல்லை என்று தணிந்த குரலில் சொன்னார். இவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பெட்டியின் மேல் கையை வைத்தார்.

"அப்ப அடக்கமும் இல்ல."

கவுன்சிலர் என் காதில் வந்து, நீ சொன்னால் கேட்பார் என்றார். மீசை விஷயத்திலேயே என் பேச்சு எடுபட்டதில்லை, அது அவருக்குத் தெரியாது. அதற்குள் அதிகாரியின் கண் என் இடுப்புக்குப் போய்விட்டது. அது என்ன என்று கேட்டார். தொழில் கருவி என்றேன். வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார். வைத்துவிட்டு வந்தேன்.

அதுவரை சுவரோரம் உட்கார்ந்திருந்த அண்ணி, சலூன்காரரின் மனைவி, எழுந்து வந்து அவர் முன்னால் நின்றார்.

"உயிரோட இருந்தப்பவும் தலையத்தான் பாத்தீங்க. ஒரு நாளாச்சும் அவன் மூஞ்சியப் பாத்தீங்களா?"

அவர் அண்ணியைப் பார்க்கவில்லை. கையையும் எடுக்கவில்லை.

அதிகாரிக்கு என்ன தோன்றியதோ, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் எதிரே தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மேலதிகாரி கழற்றியதைப் பார்த்து ஆறு சிப்பாய்களும் கழற்றினார்கள். சலூன்காரர் நிமிர்ந்தார். எத்தனை துக்கமானாலும் எதிரே ஆறு தலை வரிசையாகத் தெரிந்தால் அவருக்குக் கண் போகாமல் இருக்குமா? ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டே போனார். முடி வளர்ந்து மூடியிருந்தாலும் படிக்கட்டு தெரிந்தது. ஆறு பேருக்கும் இடது காதுக்கு மேலே ஏறியிருந்தது. வெறும் கண்ணுக்கு எனக்கே தெரிந்தது என்றால் பாருங்கள்.

"யாரு வெட்டினது?" என்றார்.

கொஞ்சம் குண்டாக இருந்த சிப்பாய்தான் வாயைத் திறந்தான். "உங்க பையன்தான்ப்பா. எங்க எல்லாருக்கும் அவன்தான் வெட்டுவான்."

"அவன் தலைய?"

"நான்தான். அவன்தான் சொல்லிக் குடுத்தான்."

"நீதானா அந்தக் கழுதை?"

"ஆமாப்பா."

அதிகாரி தரையில் உட்கார்ந்தபடியே ஒருமுறை இவரையும் ஒருமுறை அவனையும் பார்த்தார்.

"கடைசியா எப்ப வெட்டின?"

"மலைக்குக் கெளம்புறதுக்கு மொத நாள் சாயங்காலம்."

"காதுப் பக்கம் எப்படி இருந்துச்சு?"

"சரியா இருந்துச்சுப்பா."

"பொய் சொல்லாத."

குண்டுச் சிப்பாய் தொப்பியைக் கசக்கினான். "இடது பக்கம் கொஞ்சம் ஏறிப்போச்சு. அவனே கண்ணாடியப் பாத்துட்டு, எங்கப்பா பாத்தா கொன்னே போடுவாருன்னு சொல்லிச் சிரிச்சான்."

பெட்டியின் மேலிருந்த கை அப்போதுதான் எழுந்தது. அந்தக் கையாலேயே மூஞ்சியைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அழும்போதும் அசிங்கமாகத்தான் அழுதார், மூக்கெல்லாம் ஒழுக. அப்புறம் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்கடா கடைக்கு. இந்தத் தலையோட எவனும் என் பையனத் தூக்கக் கூடாது."

அதிகாரி யோசித்தார். பெட்டியைத் திறப்பதற்குத் தடை இருந்ததே ஒழிய, முடி வெட்டுவதற்குத் தடை எதுவும் அவர் கையில் இல்லை. தலையை ஆட்டினார்.

ஆக, மரியாதை அணிவகுப்பு முதலில் சலூனுக்குப் போனது. அண்ணி பெட்டியோடு ஹாலில் இருந்துகொண்டார். ஊரில் பாதி தெருவுக்கு வந்துவிட்டது. கவுன்சிலர் ஒரு பெரிய மலர்வளையத்தை வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார். கீழே வைத்தால் மரியாதை இல்லை என்று எவனோ சொல்லிவிட்டான், கடைசிவரை வைக்கவில்லை. சிப்பாய்கள் ஒவ்வொருத்தராக உட்கார்ந்தார்கள். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். சலூன்காரர் அவர்களிடம் பேசவில்லை. மகனிடம் பேசிக்கொண்டே வெட்டினார். இங்கே பார், இந்த இடத்தில் கத்திரியைச் சாய்த்திருக்கிறாய். இவனுக்குச் சுழி இங்கே இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டாமா? பரவாயில்லை, இவன் பிடரியை நன்றாக எடுத்திருக்கிறாய். அந்தப் 'பரவாயில்லை'யை அவன் உயிரோடு இருந்தபோது ஒரு தடவை சொல்லியிருந்தால் அவன் பட்டாளத்துக்கே போயிருக்க மாட்டான் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. சொல்லவில்லை. அவர் கையில் கத்தி இருந்தது.

குண்டுச் சிப்பாய் கடைசியில் உட்கார்ந்தான். முடிந்ததும் இவர் அதிகாரியைப் பார்த்து நாற்காலியைத் தட்டினார். தனக்கு நகரத்தில் பெரிய கடையில் வெட்டியது என்று அவர் தயங்கினார். அதற்கு என் பையனே தேவலை, உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தார்.

இடுகாட்டில் எல்லாம் முறைப்படி நடந்தது. வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். முதல் வெடிக்குக் கவுன்சிலர் மலர்வளையத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார், அதற்கு அப்போதுதான் ஓர் உபயோகம் வந்தது. பிறகு பேச எழுந்தவர் பையனை எதிரியின் பீரங்கிக்கு நேராக ஓடவிட்டார். மண்வெட்டியோடு போன பையன். சிப்பாய்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பெட்டியின் மேலிருந்த கொடியை மடித்து, அதிகாரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, தலையைக் குனிந்து சலூன்காரரிடம் நீட்டினார். இவர் வாங்கினார். எதிரே ஒரு தலை குனிந்து நிற்கிறது, கையில் மடித்த துணி இருக்கிறது. நாற்பது வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? கொடியைப் 'பட்'டென்று ஓர் உதறு உதறி விரித்து, அதிகாரியின் கழுத்தைச் சுற்றிக் கட்டப் போய்விட்டார்.

அதிகாரி குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. கட்டினால் கட்டட்டும் என்றுதான் நின்றார். கொடி பாதி தூரம் போனபிறகு இவருக்குப் புரிந்து கை அப்படியே நின்றுவிட்டது. முதலில் சிரித்தது அண்ணி. அழுதுகொண்டே சிரித்தார். வந்து கொடியை வாங்கி மடித்து மார்போடு வைத்துக்கொண்டார். வீடு போகும்வரை புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டேதான் நடந்தார்.

அப்புறம் சலூன்காரர் கடையைத் திறந்தாலும் முன்போல வாய் இல்லை. யாரையும் திட்டவில்லை என்று வாடிக்கையாளர்களே குறைப்பட்டுக்கொண்டார்கள். பெண் வந்து, எங்களோடு வந்து இருங்கள் என்று பிடிவாதம் பிடித்தாள். சம்மதித்துவிட்டார். நாற்காலிகளை விற்றாகிவிட்டது, ஏற்ற மறுநாள் வண்டி வரும் என்று இருந்தபோது சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டார்.

போனால், நிமிர்ந்து நிற்கிற நாற்காலியில் அவரே உட்கார்ந்திருக்கிறார், கழுத்தில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு. கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிக்கொண்டு வந்து நின்றேன். கத்திரியை நீட்டினார். அண்ணே, எனக்கு வலக்கையிலேயே இது வராது, போல்ட்டு முடுக்கத்தான் தெரியும் என்றேன்.

"வலக்கைல வேணாம்டா. இடக்கைல பிடி. மடங்கினா மடங்கட்டும், நீ பாட்டுக்கு வெட்டு."