மாதாவுக்கு உடுத்திய பாசி

மாதாவோடு நான் மூன்று வாரம் பேசாமல் இருந்திருக்கிறேன். தினமும் செபமாலை சொல்லுகிற வீட்டில் பிறந்து, பத்து வயதில் அப்படியொரு பாவம் செய்தவள் நான். அம்மாவோடும் பேசவில்லை. கோபம் இரண்டு பேர்மேலும் சரிசமமாக இருந்தது.

பாம்பன் பக்கம் எங்கள் ஊர். அப்பா கேரளாவுக்கு வலைத் தொழிலுக்குப் போயிருந்த மாதங்கள் அவை. அம்மா கண்ணாடி மாட்டிக் கடலில் முங்கிப் பாசி எடுத்து விற்றுத்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. பாசி எடுக்கும் பெண்கள் தங்களுக்குள் கூடி ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், அவ்வளவுதான் இறங்கலாம். நுனியைக் கிள்ளலாம், வேரோடு பிடுங்கக் கூடாது. கரையில் தானாக ஒதுங்கியதை மட்டும் யாரும் எப்போதும் பொறுக்கலாம்.

பக்கத்து வீட்டில் இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, ஒருமுறை வேரோடு பிடுங்கிவிட்டாள். அம்மா எல்லோர் முன்னாலும் அவள் பையைக் கரையில் கொட்டினாள். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

அந்த நேரத்தில்தான் திருவிழா வந்தது. பிள்ளைகள் கையால் செய்த படங்களைப் பீடத்தடியில் வைக்கலாம் என்று பங்குச் சாமியார் சொன்னார். ஒதுங்கிக் கிடந்த படகுப் பலகையில் நான் மாதாவைச் செய்தேன். கணவாய் மீனின் ஓட்டைச் சீவி முகம். சிப்பித் துண்டுகளால் அலை. காலடியில் ஓர் ஆமை. எல்லாமே கரையில் பொறுக்கியவை. அங்கிக்குத்தான் ஒன்றும் அமையவில்லை. ஒதுங்கிய பாசி வெயிலில் வெளுத்துப் பரட்டையாகக் கிடந்தது.

திருவிழாவுக்கு முந்தின நாள், பெண்கள் யாரும் இறங்காத நாள், இடுப்பளவு தண்ணீரில் மரிக்கொழுந்துப் பாசி கருஞ்சிவப்பாக ஆடிக்கொண்டிருந்தது. மாதாவுக்குத்தானே என்று சொல்லிக்கொண்டேன். ஓர் அருள்நிறைந்த மரியே சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கை பிடுங்கிவிட்டேன்.

பலகையை வாசலில் காயவைத்தபோது அத்தை எட்டிப் பார்த்தாள்.

"அடி ஆத்தீ, மாதாவுக்குப் பட்டுல்ல உடுத்திருக்க! எங்கனடி கெடச்சுச்சு?"

"கரையில ஒதுங்குச்சு அத்தே."

அவள் நகத்தால் அங்கியின் ஓரத்தைத் தூக்கினாள். வேரில் ஒரு சின்னக் கல் ஒட்டியிருந்தது.

"ஒதுங்குற பாசி கல்லையும் கடிச்சுக்கிட்டா வரும்?" என்றவள் எங்கள் வீட்டைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "மதினி! எம் பையக் கொட்டுனீகள்ல, இங்கன வந்து ஒங்க மக பலகையப் பாருங்க!"

அம்மா வந்து பார்த்தாள்.

"புடுங்குனியா?"

"மாதாவுக்குத்தானம்மா!"

"களவாண்ட சேலையயா அவளுக்கு உடுத்துவ?"

பலகையைத் தூக்கிக்கொண்டு, பெண்கள் பாசி உலர்த்துகிற இடத்துக்கு நடந்தாள். நான் சேலையைப் பிடித்து இழுத்து, கத்திக்கொண்டே ஓடினேன். அங்கே எல்லோர் முன்னாலும் அங்கியைப் பிய்த்தாள். கூடவே முகமும் பெயர்ந்து விழுந்து இரண்டாக உடைந்தது. இதை எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

"எம் மக புடுங்கிட்டா. அடுத்து வார ஆறு நாளும் நான் எறங்க மாட்டேன்" என்றாள் அம்மா. யாரும் அப்படிக் கேட்கவில்லை. அத்தையின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"நீ எனக்கு அம்மாவே இல்ல!" என்று கத்தினேன்.

திருவிழாவில் பீடத்தடியில் தெர்மோகோலும் ஜிகினாத் தாளும் மின்னின. நான் மாதா சுரூபத்தை முறைத்துப் பார்த்தேன். ஒனக்காகத்தான செஞ்சேன், பாத்துக்கிட்டுத்தான இருந்த? அன்று முதல் செபமாலையில் உதட்டை மட்டும் அசைத்தேன்.

அந்த ஆறு நாள் வந்தது. பெண்கள் இறங்கினார்கள். அம்மா வீட்டில் இருந்தாள். இரண்டாம் நாள் அத்தை ஈரச் சேலையோடு வாசலில் வந்து நின்றாள்.

"போதும் மதினி, வாங்க. ஒரு கோவத்துல கத்திட்டேன்."

"ஆறு நாளும் எண்ணி முடியட்டும். நீ போ."

நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாளும் வெறும் கஞ்சிதான். கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டேன். அம்மா ஒரு கருவாட்டுத் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். அவளோடு பேசாமலே அதைத் தின்று முடித்தேன். அவள் தட்டில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை.