மாப்பிள்ளை மீன் இட்ட முட்டை

எங்கள் தெருவில் பார்லர் அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். புருவம் திருத்துவதில் கெட்டிக்காரர். ஆனால் அவர் உயிரெல்லாம் பெரிய கண்ணாடிக்குப் பக்கத்திலிருந்த மீன்தொட்டியில்தான். தட்டு மாதிரி வட்டமாக அதில் இரண்டு டிஸ்கஸ் மீன்கள். தடித்த உதடு, மேடான நெற்றி, நுனி நீண்ட முதுகுத்துடுப்பு உள்ள பெரியது ஆண், உருண்டையான சின்னது பெண் என்று கடைக்காரர் அடித்துச் சொல்லி விற்றிருந்தார். மாப்பிள்ளை, பொண்ணு என்றே அக்கா கூப்பிட்டார்.

மாப்பிள்ளையின் அதட்டலும் அப்படித்தான். தீனி போட்டால் பொண்ணை முட்டித் தள்ளிவிட்டுத் தின்னும். இரண்டும் எதிரெதிரே தலை குனியும், உடம்பைச் சிலிர்க்கும், முட்டையிட வைத்திருந்த மண்கூம்பை வாயால் சுத்தம் செய்யும். முட்டைகளும் வந்தன. ஆனால் ஒவ்வொரு தடவையும் கருப்பிடிக்காமல் வெள்ளை பூத்து வீணாய்ப் போயின.

"உன் மாப்பிள்ளைக்குச் சவடால் மட்டும்தான்" என்று எலக்ட்ரீஷியன் கணவர் கிண்டலடிப்பார். அக்காவுக்குச் சுருக்கென்றிருக்கும்.

ஒருநாள் டீச்சரம்மாவுக்கு ஒரு புருவம் முடித்துவிட்டு நிமிர்ந்தவர், நூலை அப்படியே கீழே போட்டார். பொண்ணு முட்டையிட்டு விலகியதும் மாப்பிள்ளை கூம்பருகே போனது. அதன் வயிற்றடியில் தடித்து மழுங்கிய குட்டிக் குழாய். அதிலிருந்து வரிசையாக முட்டைகள்!

"ஐயையோ! மாப்பிள்ளை முட்டை போடுது!"

"யாரு வீட்டு மாப்பிள்ளை?" டீச்சரம்மா பதறி எழுந்தார்.

"மீனுங்க டீச்சர்! ரெண்டுமே பொண்ணு!"

ஒரு பக்கம் மட்டும் திருத்திய புருவத்தோடு டீச்சரம்மாவும் தொட்டியோடு ஒட்டிக்கொண்டார். அக்கா கணவருக்குப் போன் போட்டார். "அது ஆம்பளையே இல்லீங்க! அநியாயமா பழி போட்டுட்டோம்!"

அடுத்த நாளே நிஜமான ஆண் மீன் வாங்க மீன்கடைக்குப் போனார். கடைக்காரர் இன்னொரு பெரிய மீனைக் காட்டினார்.

"உதடு, நெத்தியெல்லாம் பாத்து ஏமாந்தாச்சு. முட்டை போடுற நேரத்துல குழாயைப் பாத்துத்தான் வாங்குவேன்" என்றார் அக்கா.

சொன்னபடியே நடையாய் நடந்தார். கடைத்தொட்டியில் ஒரு ஜோடி முட்டையிட்டபோது, பெண்ணுக்குப் பின்னாலேயே போன மீனின் குழாய் மெல்லிசாய், கூராய் இருந்தது. அதுதான் ஆண் என்று அதையே வாங்கினார். பழைய மாப்பிள்ளை வேறு தொட்டிக்குப் போனது.

சில வாரங்களில் மறுபடி முட்டைகள். இந்தத் தடவை வெள்ளை பூக்கவில்லை. உள்ளே கருப்புப் புள்ளிகள் தெரிந்தன, பிறகு வால்கள் துடித்தன. குஞ்சுகள் நீந்திப் போய்த் தாய் தகப்பன் உடம்பில் மொய்த்துக்கொண்டு தோலில் ஊறும் வழவழப்பையே கொத்தித் தின்றதைப் பார்த்ததும், அக்கா வாசலுக்கே ஓடி வந்தார்.

"எல்லாரும் ஓடியாங்க! சத்தம் மட்டும் போடாதீங்க!"

அதைச் சொன்ன சத்தத்தில்தான் தெருவே கூடியது.